பறைக்குப் பணம் கிடைக்கும், வாத்தியாருக்குக் கிடைக்காது: இலவசக் கலை வகுப்புக்கு நிதி திரட்டும் வழிகள்

வாரியக் குடியிருப்பிலோ மீனவர் குப்பத்திலோ சனி, ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்குப் பறையும் ஒயிலாட்டமும் ஓவியமும் சொல்லித்தர ஆள் இருக்கிறது, இடமும் ஒருவழியாக அமைந்துவிட்டது, பணம்தான் இல்லை என்பவர்களுக்கான குறிப்புகள் இவை. எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டியவை.

பெரும்பாலான குழுக்கள் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். தருபவர்கள் கண்ணுக்குத் தெரிகிற பொருளுக்குத் தருவார்கள். கலர் பெட்டி, டி-சர்ட், ஸ்பீக்கர், சுவர் ஓவியம் என்றால் யாராவது முன்வந்துவிடுவார்கள். வாராவாரம் வந்து சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரின் சம்பளம் போட்டோவில் விழாது. அதனால் அதைக் கேட்கவே கூச்சப்பட்டு, 'அவர் சேவையாக வருகிறார்' என்று எழுதிவிடுகிறோம். நாலு மாதம் ஓடும். மழைக்காலமோ கல்யாண சீசனோ வந்தால் அவர் தன் பிழைப்புக்குப் போவார், போகத்தான் வேண்டும். வகுப்பு நிற்கும், பறைகள் மூலையில் கிடக்கும். ஆகவே நிதித் திட்டத்தை வாத்தியார் சம்பளத்திலிருந்து தொடங்குங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பட்ஜெட்டை வரி வரியாக உடையுங்கள்

'வருஷத்துக்கு மூணு லட்சம் ஆகும்' என்று சொன்னால் யாரும் கை கொடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு செலவையும் ஒருவர் தாங்கக்கூடிய துண்டுகளாக வெட்ட வேண்டும். 30 பிள்ளைகள், வாரம் 2 வகுப்பு, தேர்வு வாரங்களையும் பண்டிகைகளையும் கழித்து ஆண்டுக்கு 40 வாரம், ஆக 80 வகுப்பு என்று வைத்துக்கொண்டு ஒரு மாதிரிக் கணக்கு (விலைகளை உங்கள் ஊரில் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள்):

- ஆசிரியர், வகுப்புக்கு ரூ.1,000: 80,000
- உதவி ஆசிரியர், வகுப்புக்கு ரூ.500: 40,000
- சுண்டல் அல்லது பிஸ்கட், பால், தலைக்கு ரூ.15: 36,000
- 12 பறை, ஒன்று ரூ.3,500: 42,000
- ஓவியப் பொருட்கள், தலைக்கு ரூ.600: 18,000
- ஒருங்கிணைப்பாளர் பகுதிநேரம், மாதம் ரூ.4,000 வீதம் 10 மாதம்: 40,000
- கரண்ட், துப்புரவு, 10 மாதம்: 5,000
- ஆண்டு விழா: 30,000
- கணக்கு, தணிக்கை: 15,000
- பயணம், முதலுதவி: 10,000

கூட்டினால் 3,16,000. எதிர்பாராச் செலவுக்கு 5 சதவீதம் சேர்த்தால் 3,31,800. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 11,060. ஒரு பிள்ளைக்கு ஒரு வகுப்புக்கு 138 ரூபாய் சொச்சம். இந்தக் கடைசி எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். எந்தக் கூட்டத்திலும் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

பறை வாங்குகிறவர்கள் மறப்பது பராமரிப்பை. மழைக்காலத்தில் தோல் தொய்யும். காய்ச்சாமல் சத்தம் வராது. குடியிருப்புக்கு நடுவில் நெருப்பு மூட்டினால் புகைக்குச் சண்டை வரும். தோல் கிழியும், மாற்ற வேண்டும். ஃபைபர் பறை மழைக்கு அசையாது என்றாலும் நாதத்தில் ஆசிரியர்கள் ஒப்புவதில்லை. தொடக்க நிலைப் பிள்ளைகளுக்குப் பாதி ஃபைபர், மேடைக்குத் தோல் என்று கலந்து வாங்கிவிட்டு, இரண்டாம் ஆண்டு பட்ஜெட்டில் தோல் மாற்ற ஒரு வரி ஒதுக்குவது நல்லது.

இலவசமாகக் கிடைப்பதையும் பட்ஜெட்டில் எழுதுங்கள். மாநகராட்சிப் பள்ளி அறை வாடகையில்லாமல் கிடைத்திருந்தால், அதே அளவு இடத்துக்கு அந்தப் பகுதியில் என்ன வாடகை ஆகுமோ அதை 'உள்ளூர்ப் பங்களிப்பு' என்று தனி நிரலில் போடலாம். தருபவருக்கு, தாம் மட்டும் சுமக்கவில்லை என்று தெரியும். ஆனால் பணக் கணக்கோடு சேர்த்துக் கூட்டிவிடாதீர்கள், தணிக்கையில் பல்லிளிக்கும்.

இருபது பேர், ஐந்நூறு ரூபாய்

மேலே உள்ள பட்டியலில் இரண்டு ஆசிரியர்களுக்கும் சேர்த்து 1,20,000. மாதம் ரூ.500 தரும் 20 பேர் இருந்தால் ஆண்டுக்கு இதே தொகை வந்துவிடும். முதல் ஆண்டு எந்த நிறுவனத்தின் வாசலையும் மிதிக்காமல் ஆசிரியர் சம்பளத்தை உறுதிசெய்ய இதைவிட நம்பகமான வழி இல்லை.

யாரைக் கேட்பது? அந்தத் தெருவில் பிறந்து படித்து வேலைக்குப் போய் வெளியேறியவர்கள் முதல் வரிசை. அடுத்து அரசுப் பள்ளி ஆசிரியர்கள், வங்கி, மின்வாரியம், ரயில்வே ஊழியர்கள், உங்கள் கல்லூரி நண்பர்கள். முன்பின் தெரியாத பணக்காரரைத் தேடி அலைவதைவிட, மாதச் சம்பளம் வாங்கும் தெரிந்தவர்களைப் பிடிப்பது மேல். 20 பேர் வேண்டுமென்றால் 25, 26 பேரைச் சேருங்கள். சிலர் மூன்றாம் மாதமே நின்றுபோவார்கள். மாதாமாதம் போன் போட்டு நினைவூட்டினால் இரு தரப்புக்கும் சலிப்பு. யுபிஐ ஆட்டோபே அல்லது வங்கியில் நிலையான உத்தரவு வாங்கிவிட்டால் அந்தத் தர்மசங்கடம் இல்லை. பதிலுக்கு அவர்களுக்கு மாதம் ஒரு செய்தி போதும்: எத்தனை வகுப்பு நடந்தது, எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், என்ன கற்றார்கள், எவ்வளவு செலவானது. தினமும் வாட்ஸப்பில் படம் கொட்டினால் மியூட் செய்துவிடுவார்கள்.

சுண்டலுக்கு வேறு வழி. ஒரு வகுப்புக்கு 450 ரூபாய். பிறந்தநாள், திருமண நாள், திதி என்று அன்னதானம் செய்கிற பழக்கம் நம் ஊரில் ஏற்கெனவே உண்டு. அதை அப்படியே இங்கே திருப்பலாம். ஒரு சாதா நாட்காட்டியை அச்சடித்து, வகுப்பு நாட்களை வட்டமிட்டு, தெருவில் மளிகைக் கடை, மெடிக்கல், டெய்லர் கடைகளில் கொடுங்கள். பெயர் எழுதிய கட்டம் நிரம்பியதாக ஆகும். காலியான கட்டம் தானாகவே அடுத்தவரைக் கேட்கும். அட்டையில் இவ்வளவு இருந்தால் போதும்: 'சனிக்கிழமை சுண்டல், 30 பிள்ளைகள், ரூ.450. பொருளாகவும் தரலாம்: கொண்டைக்கடலை, தேங்காய், எண்ணெய்.' பொருளாகத் தருபவர்களிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: மதியமே வேகவைத்த சுண்டல் வெயிலில் மாலைக்குள் ஊசிப்போகும். கடலையைக் கொடுத்துவிட்டால் மூன்று மணிக்கு மேல் வேகவைத்துக்கொள்ளலாம்.

ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள் பொருள் தருவதில் கெட்டிக்காரர்கள். அவர்களுடைய ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. பிப்ரவரியில் போய் நடப்புத் தலைவரைப் பார்த்தால் 'இந்த வருஷம் ஒதுக்கியாச்சு' என்பார். ஏப்ரல், மே மாதங்களில் அடுத்த தலைவராக வரப்போகிறவரைப் பாருங்கள். அவர் தன் ஆண்டுக்கான திட்டங்களைத் தேடிக்கொண்டிருப்பார். பறைகளையும் ஓவியப் பொருட்களையும் இவர்களிடம் கேட்கலாம்.

வட்டச் செயலாளரும் கவுன்சிலரும் உதவ முன்வருவார்கள், கூடவே பேனரும் வரும். ஒரு கொள்கையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: தருபவர் பெயர் விழா அழைப்பிதழில் வரும்; பறையிலும் பிள்ளைகளின் சட்டையிலும் வராது. மது, புகையிலை, சூதாட்டச் செயலி, வட்டிக்கு விடுகிறவர் பணம் வேண்டாம். தெருவில் கந்துவட்டிக்காரர் என்று பெயரெடுத்தவரிடம் ஐயாயிரம் வாங்கினால், அவரிடம் கடன்பட்ட தாய்மார் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். ஐயாயிரத்துக்கு அது மிக அதிக விலை.

காகிதங்கள்: எது எப்போது

தெரு அளவில் பணம் திரட்டும்போதே தனிநபர் ஜிபேயில் வாங்காதீர்கள். வாங்கியவருடைய வருமானமாகப் பார்க்கப்படும் ஆபத்து ஒருபுறம், 'கணக்கு எங்கே' என்று ஆறாம் மாதம் வெடிக்கும் சண்டை மறுபுறம். இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, ஏற்கெனவே பதிவு பெற்ற ஓர் அறக்கட்டளையின் கீழ் உங்கள் வகுப்பைத் திட்டமாக நடத்துவது. ஒப்பந்தம் ஒரு பக்கத்தில் இருந்தால் போதும்: பணம் அவர்கள் கணக்கில் வரும், தனிப் பேரேட்டில் எழுதப்படும், யார் ஒப்புதலில் செலவாகும், நிர்வாகச் செலவாக எவ்வளவு பிடிப்பார்கள், பிரிந்தால் கருவிகள் யாருக்கு. கடைசி வரியை விட்டவர்கள் பிரியும்போது கருவிகளை இழப்பார்கள். அந்த அறக்கட்டளை உங்களுக்குப் பணத்தை மாற்றித் தருவதைவிட, ஆசிரியருக்கும் கடைக்காரருக்கும் நேரடியாகவே கொடுப்பது அவர்களுடைய வரிக்கணக்குக்கும் நல்லது.

இரண்டாம் வழி, சொந்தப் பதிவு. பொது அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் டீடை (அறக்கட்டளைப் பத்திரத்தை)ப் பதிவுசெய்வது, எளிது, விரைவானது. சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் குறைந்தது 7 பேர், மாவட்டப் பதிவாளர் அலுவலகம், ஆண்டுதோறும் பொதுக்குழு, தீர்மானம், தாக்கல். தொடர்ந்து தாக்கல் செய்ய ஆள் இல்லாவிட்டால் சங்கம் வேண்டாம். டீடை எழுதும்போது நோக்கப் பிரிவில் கல்வி, கலை, பண்பாடு மூன்றையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒரு சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் என்று எழுதினால், நன்கொடை தருபவருக்கு வரிக்கழிவு கிடைக்கச் செய்யும் 80ஜி பதிவு சிக்கலாகும். கலைக்க நேர்ந்தால் சொத்து இதே நோக்கமுள்ள இன்னொரு அமைப்புக்குப் போகும் என்ற வரியும் இருக்க வேண்டும். பத்திர எழுத்தர் கையில் இருக்கும் மாதிரி டீட் பல நேரம் கோயில் அறக்கட்டளைக்கு எழுதியது. அப்படியே நகலெடுத்தால் வருமான வரித் துறை திருப்பி அனுப்பும்.

அதன்பின் வரிசை: பான் கார்டு, அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு (இருவர் கையெழுத்து), அரசின் தொண்டு நிறுவனப் பதிவுத் தளத்தில் என்ஜிஓ தர்ப்பன் எண் (கட்டணம் கிடையாது), 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்குப் பதிவு), 80ஜி. புது அமைப்புக்கு முதலில் 3 ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு தருவார்கள். மூன்று ஆண்டு இருக்கிறதே என்று தூங்குவதுதான் பலரும் விழும் பள்ளம். வேலையைத் தொடங்கி 6 மாதத்துக்குள்ளோ, தற்காலிகப் பதிவு முடிய 6 மாதம் இருக்கும்போதோ, எது முன்னால் வருகிறதோ அதற்குள் முழுப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். புதிய வருமான வரிச் சட்டம் 2025-இல் பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. பேச்சில் எல்லோரும் 12ஏ, 80ஜி என்றே சொல்வார்கள். படிவ எண்ணை மட்டும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

80ஜி இருந்தால் நன்கொடை குவியும் என்ற நம்பிக்கை இப்போது பாதிதான் உண்மை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்த சம்பளக்காரருக்கு அந்தச் சலுகையே இல்லை. பழைய முறையில் இருப்பவருக்கும் பொதுவாகக் கொடுத்ததில் பாதிக்குத்தான் கழிவு, ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. பொருளாகத் தந்தாலும் இல்லை. வரிச்சலுகையைச் சொல்லிப் பணம் கேட்காதீர்கள், வேலையைச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் 80ஜி ரசீது கொடுத்துவிட்டு, மே 31-க்குள் நன்கொடையாளர் பட்டியலை வரித் துறைத் தளத்தில் ஏற்றாமல் விட்டால், கொடுத்தவருக்குச் சான்றிதழ் வராது. அவர் அடுத்த ஆண்டு வரமாட்டார். நன்கொடை வாங்கும்போதே பான் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

நிறுவனங்களின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணம்

நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 135-இன்படி நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி உள்ள நிறுவனம், கடந்த 3 ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதை வாங்க உங்கள் அமைப்புக்கு 12ஏ, 80ஜி, நிறுவன விவகார அமைச்சகத்தில் செய்யும் சிஎஸ்ஆர்-1 பதிவு மூன்றும் வேண்டும். அதோடு இதேபோன்ற பணியில் குறைந்தது 3 ஆண்டு அனுபவமும் வேண்டும். அதாவது புது அமைப்பு முதல் மூன்று ஆண்டுகள் நேரடியாக வாங்க முடியாது. அதுவரை மேலே சொன்ன முதல் வழி.

பெயர்பெற்ற பெரிய கம்பெனிகளின் வாசலில்தான் கூட்டம். 5 கோடியை ஒட்டி லாபம் காட்டும் குடும்ப நிறுவனங்களைக் கவனியுங்கள். திருப்பூர், கரூர், சிவகாசி, நாமக்கல், ஒரகடம் பக்கத்து உதிரிபாகத் தொழிற்சாலைகள். 5 கோடியில் 2 சதவீதம் என்றால் 10 லட்சம். செலவிட வேண்டிய தொகை ஆண்டுக்கு 50 லட்சத்தைத் தாண்டாத நிறுவனத்துக்குத் தனி சிஎஸ்ஆர் குழு கட்டாயமில்லை, இயக்குநர்களே முடிவெடுக்கலாம். அந்த முதலாளிக்குப் பணத்தை எங்கே கொடுப்பது என்று தெரியாது, தேடித்தர அலுவலரும் கிடையாது. அவருடைய ஆடிட்டருக்குத் தெரியும். ஊரில் நாலு ஆடிட்டர்களைப் பார்த்து ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்து வைப்பது, நாற்பது கம்பெனிகளுக்கு மின்னஞ்சல் அனுப்புவதைவிடப் பலன் தரும்.

பெரிய நிறுவனத்தை அணுகுவதானால் முதலில் அதன் ஆண்டறிக்கையில் சிஎஸ்ஆர் இணைப்பைப் படியுங்கள். எந்த மாவட்டத்தில், எந்தத் தலைப்பில், யார் மூலம் எவ்வளவு செலவிட்டார்கள் என்று பெயர்வாரியாக இருக்கும். தேசிய சிஎஸ்ஆர் இணையதளத்திலும் மாநிலம், துறை வாரியாகப் பார்க்கலாம். கண் மருத்துவ முகாமுக்கு மட்டுமே தரும் நிறுவனத்திடம் பறை பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்வதால், எண்ணூரில் வகுப்பு நடத்துகிறவர்கள் எண்ணூர், மணலியில் இருக்கும் ஆலைகளையும் துறைமுகத்தையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தலைப்பைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பாரம்பரியக் கலை, கைவினை வளர்ச்சிக்குத் தனி இனம் இருக்கிறது; கல்விக்கும் தனி இனம். வகுப்பு பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றால் கல்வித் தலைப்பின் கீழ் எழுதுவது எளிதாக நுழையும், ஏனென்றால் பெரும்பாலான நிறுவனக் கொள்கைகளில் கல்வி இருக்கும், கலை இருக்காது. அதற்காக 'பறை கற்றால் கணக்குப் பாடத்தில் மதிப்பெண் கூடும்' என்று எழுதிவிடாதீர்கள். அடுத்த மார்ச்சில் மதிப்பெண் பட்டியலைக் கேட்பார்கள். நீங்கள் அளந்து காட்டக்கூடியதை மட்டும் சொல்லுங்கள். இப்படி:

'பெரும்பாக்கத்தில் 10 முதல் 16 வயது வரையுள்ள 30 பிள்ளைகளுக்கு, வாரம் இருமுறை, ஆண்டுக்கு 80 பறை, ஓவிய வகுப்புகள். ஆண்டு முடிவில் ஒவ்வொருவரும் 5 பறை அடிகளைத் தனியாக வாசிப்பார். 20 நிமிட மேடை நிகழ்ச்சி ஒன்றில் பங்கேற்பார். வருகை 70 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வோம். பள்ளியை இடையில் நிறுத்தும் பிள்ளையின் வீட்டுக்கு இரண்டு வாரத்துக்குள் ஒருங்கிணைப்பாளர் சென்று பேசுவார். செலவு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ரூ.11,060. உங்களிடம் கோருவது: இரு ஆசிரியர்களின் ஊதியம், ரூ.1,20,000.'

நூற்றுக்குக் கீழான சொற்களில் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாயிற்று. பின்னணி விளக்கம் இரண்டு பக்கம் எழுதுவதெல்லாம் யாரும் படிப்பதில்லை.

'நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதத்துக்கு மேல் சட்டம் அனுமதிக்காது' என்று ஓர் அலுவலர் சொன்னால் பணிவாகத் திருத்துங்கள். அந்த 5 சதவீத வரம்பு அந்த நிறுவனம் தன் சிஎஸ்ஆர் துறையை நிர்வகிக்க ஆகும் செலவுக்கு. திட்டத்தை நேரடியாக நடத்தும் செலவு அதில் சேராது. வகுப்பெடுக்கும் ஆசிரியர் நிர்வாகம் அல்லர், அவர்தான் திட்டமே. பட்ஜெட்டில் அவரைச் 'சம்பளம்' என்ற தலைப்பில் தள்ளாமல் 'பயிற்சி: 80 வகுப்புகள்' என்று எழுதினால் பாதிப் பிரச்சினை எழாது.

காலமும் முக்கியம். பல நிறுவனங்கள் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஆண்டுத் திட்டத்தை முடிவுசெய்கின்றன. செலவாகாமல் மீந்த தொகைக்கு ஜனவரி, பிப்ரவரியில் அவசரமாக இடம் தேடுவார்கள். அப்போது கையில் ஆயத்தமான குறிப்பு இருப்பவருக்கே கிடைக்கும். ஆனால் மார்ச் 20-இல் பணம் போட்டு 31-க்குள் செலவுசெய்து கணக்குக் கேட்டால், வாத்தியாருக்கு எப்படிச் செலவுசெய்வது? பல ஆண்டுத் திட்டமாக இயக்குநர் குழு அங்கீகரித்தால் மீதித் தொகையைத் தனிக் கணக்கில் வைத்து அடுத்த ஆண்டுகளில் செலவிடச் சட்டத்தில் வழியிருக்கிறது. அதைக் கேளுங்கள். மறுத்தால் அந்தப் பணத்தைக் கருவிகளுக்கு மட்டும் வாங்குங்கள்.

பறை என்றதும் 'சாவுக்கு அடிக்கிறதா?' என்று முகம் சுளிக்கும் அதிகாரி இன்னும் இருக்கிறார். விவாதம் செய்து பயனில்லை. ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு வரச்சொல்லுங்கள். பிள்ளைகள் அடிக்கும்போது பத்தடி தள்ளி நின்று பார்த்தவர் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பது அரிது. பறையை 'பெர்கஷன்' என்று எழுதி ஒளித்துப் பணம் வாங்குவது மட்டும் வேண்டாம். விழாவன்று பறையைக் கண்டு அவர்களுக்கு அதிர்ச்சி, பிள்ளைகளுக்கு அவமானம்.

சுவர் ஓவியத்துக்குப் பணம் எளிதில் வரும் என்பதற்குச் சென்னை கண்ணகி நகரைப் பார்க்கலாம். 2020-இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏசியன் பெயிண்ட்ஸும் இணைந்து வரைந்த பெரும் ஓவியங்கள் அங்கே உண்டு. உங்கள் பகுதிக்கும் அப்படி ஒரு வாய்ப்பு வந்தால், சம்மதிக்கும் முன்பே உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஓராண்டு ஓவிய வகுப்பையும் அதே ஒப்பந்தத்தில் சேர்க்கக் கேளுங்கள். சுவர் காய்ந்த பிறகு கேட்டால் நடக்காது.

அரசிடம் என்ன கேட்கலாம்

நேரடிப் பணத்தைவிட அரசிடம் இடமும் ஆளும் எளிதில் கிடைக்கும். வாரியக் குடியிருப்பின் சமுதாயக் கூடம், மாநகராட்சிப் பள்ளி, ஊர்ப்புற நூலகம் ஆகியவற்றுக்கு நாள், நேரம், பொறுப்பாளர் பெயருடன் கடிதம் கொடுத்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்மொழி அனுமதி தலைமையாசிரியர் மாறுதலோடு போய்விடும்.

கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கலை வகுப்புகள் நடக்கின்றன. பக்கத்தில் ஒன்று இருந்தால், நீங்கள் நடத்தாத கலைகளுக்குப் பிள்ளைகளை அங்கே அனுப்பலாம். மாவட்டக் கலை மன்றத்தின் கலை இளமணி விருதுக்கும் பள்ளிக்கல்வித் துறையின் கலைத் திருவிழாவுக்கும் பிள்ளைகளைத் தயார்செய்யுங்கள். அந்தச் சான்றிதழ் அடுத்த விண்ணப்பத்தில் நீங்கள் எழுதும் பத்து வரிக்குச் சமம்.

இயல் இசை நாடக மன்றம் நாட்டுப்புறக் கலைஞர்கள் கருவியும் ஆடை அணிகலனும் வாங்க உதவுகிறது. உங்கள் ஆசிரியர் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினரா என்று கேளுங்கள். இல்லையென்றால் சேர உதவுங்கள். உங்கள் வங்கிக் கணக்குக்கு அதில் ஒரு ரூபாயும் வராது என்றாலும், அவர் உங்களோடு தங்குவதற்கு அது ஒரு காரணமாகும்.

மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் விழா, தயாரிப்பு மானியம் பொதுவாக 5 லட்சம் வரை. நிகழ்ச்சிக்குத்தான், வாராந்திர வகுப்புக்கு ஆகாது. முழுத் தொகையும் முன்கூட்டி வராது, கடைசித் தவணை கணக்கு ஒப்படைத்த பிறகே. கையில் பணமில்லாத அமைப்பு இதை நம்பி விழா அறிவித்துக் கடனில் விழுவதுண்டு. தனிப் பிள்ளைகளுக்கு, 10 முதல் 14 வயதில், மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் கீழுள்ள சிசிஆர்டி நிறுவனத்தின் கலைத் திறன் உதவித்தொகை இருக்கிறது: ஆண்டுக்கு ரூ.3,600, அதோடு கற்றுத்தருபவருக்குச் செலுத்தும் கட்டணத்தில் ரூ.9,000 வரை. பாரம்பரியக் கலைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதில் தனி ஒதுக்கீடு உண்டு. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் நிதியில் கட்டடம், மேடை போன்ற நிலைத்த சொத்துதான் கிடைக்கும், ஊதியம் கிடைக்காது.

வெளிநாட்டுத் தமிழர் பணம்

இங்கே தெரியாமல் தவறுகிறவர்கள் அதிகம். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர் தன் சம்பளத்திலிருந்து தருவது வெளிநாட்டு நிதி ஆகாது. கனடாக் குடியுரிமை பெற்ற உங்கள் பெரியப்பா மகன், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டு மூலம். ஊருக்கு வந்து ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் அப்படியே. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவில்லாமல் அதை வாங்கக் கூடாது. அந்தப் பதிவுக்கு 3 ஆண்டு இயக்கமும், அந்த ஆண்டுகளில் 15 லட்சம் செலவிட்ட கணக்கும் கேட்பார்கள். பணம் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில் மட்டுமே வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பதிவுள்ள அமைப்பு வாங்கி உங்களுக்கு மாற்றித் தரவும் 2020 திருத்தத்துக்குப் பிறகு வழியில்லை. 3 லட்ச ரூபாய் வகுப்புக்கு இந்தச் சுமை தேவையில்லை. யுபிஐ க்யூஆர் படத்தைக் குழுக்களில் பகிரும்போது 'இந்தியக் குடிமக்கள் மட்டும்' என்று எழுதுங்கள். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் தந்தால் கடவுச்சீட்டு நகல் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

கணக்கும் பிள்ளைகளின் பாதுகாப்பும்

ஒவ்வொரு செலவுக்கும் வவுச்சர்; ரூ.5,000-க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து. ஒருவருக்கு ஒரே நாளில் ரூ.10,000-க்கு மேல் ரொக்கம் கொடுக்காதீர்கள். ஆசிரியருக்கு வங்கி வழியே மட்டும். ஆண்டுக்கு ரூ.50,000 தாண்டும் பயிற்சிக் கட்டணத்துக்கு 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டும். அவரிடம் பான் இல்லாவிட்டால் 20 சதவீதம். நம் மாதிரிப் பட்ஜெட்டில் முதன்மை ஆசிரியர் 80,000 வாங்குகிறார். முதல் மாதமே சொல்லாமல், நடுவில் திடீரென்று பிடித்தால் 'என் காசைப் பிடிச்சுக்கிட்டாங்க' என்ற மனக்கசப்புதான் மிஞ்சும். பான் வாங்கிக்கொடுத்து, பிடித்ததை ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெற உதவுங்கள்.

பெரிய நிதியாளர்கள் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கையைக் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் எழுதுங்கள்: வகுப்பில் எப்போதும் இரு பெரியவர்கள், ஆசிரியர்களுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு, பெற்றோர் கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் புகைப்படம் இல்லை, புகார் வந்தால் யார் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பார் என்ற பெயர். பரிசுப் பொட்டலத்தை நீட்டும் கையோடு பிள்ளையை நிறுத்திப் படமெடுக்க ஆசைப்படும் நன்கொடையாளருக்கு, பிள்ளைகள் வாசிக்கும் படத்தைக் கொடுங்கள்.

இரண்டாம் ஆண்டு

நிதி தந்தவருக்கு அறிக்கை அனுப்பும் தேதியை அவர் கேட்கும் முன்பே நீங்கள் குறித்துவிடுங்கள்: அரையாண்டில் ஒரு பக்கம், ஆண்டு முடிந்து 30 நாளில் செலவுக் கணக்கும் ஆடிட்டர் சான்றும். வருகை 70 சதவீதம் என்று எழுதி 58 வந்திருந்தால் 58 என்றே எழுதி, காரணத்தையும் சொல்லுங்கள். ட்யூஷன் நேரத்தோடு மோதியது, பெண்பிள்ளைகள் இருட்டிய பிறகு வர முடியவில்லை, இப்படி. நேரத்தை மாற்றியிருந்தால் அதையும் எழுதுங்கள். புதுப்பிப்புக் கோரிக்கை ஆண்டு முடிய 4 மாதம் முன்பே போக வேண்டும்.

எந்த ஒருவர் பங்கும் மொத்தத்தில் பாதியைத் தாண்டாமல் பாருங்கள். நிறுவனம் ஒன்று முழுச் செலவையும் ஏற்க முன்வந்தாலும் ஐந்நூறு ரூபாய்க்காரர்களை விட்டுவிடாதீர்கள். அவர்கள் பணத்தை வங்கியில் சேர்த்து, ஆறு மாத ஆசிரியர் ஊதியமான 60,000 ரூபாயைத் தொடாமல் வையுங்கள். நிறுவனத்தில் அலுவலர் மாறினால், லாபம் விழுந்தால், பணம் நிற்கும்போது முன்னறிவிப்பு ஒரு மின்னஞ்சல்தான். அந்த 60,000 இருந்தால் அடுத்த ஆளைத் தேடும்வரை சனிக்கிழமை வகுப்பு நடக்கும்.